ஒரே வீட்டுக்கு இரண்டு ஓய்வுக்காசுத் தாள்

1

என் தம்பி ஞானம் இலங்கையில் தெரணியகலை டவுனில் திரீவீலர் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் எடுத்தால் அவன் கேட்கிற முதல் கேள்வி, "எப்பண்ணே வர்றீங்க?" என்பதுதான். சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரிக் கேட்பான். நானும் சாப்பிட்டாச்சு என்கிற மாதிரி, "இன்னும் கொஞ்ச காலம்தான்டா, வந்துருவோம்" என்பேன். குருவிட்டைப் பக்கம் வீடு கட்டப் பத்து பேர்ச் காணித் துண்டு ஒன்றை அவன் எனக்காகப் பார்த்து வைத்திருக்கிறான். காணிக்காரன் இரண்டு தடவை விலையை ஏற்றியும், அண்ணன் வந்துவிடுவான் என்று சொல்லியே தம்பி அந்த ஆளைப் பிடித்து வைத்திருக்கிறான்.

அதே கேள்வியை இந்த வருடம் என் வேலைத்தளத்தில் ஒரு தாள் கேட்டது. அதற்கு நான் பதில் சொன்ன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறவனுக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். குறை ஒன்றும் இல்லை. வெட்கம்தான் இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

2

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஷீட் உலர்த்தப் போனேன். பிறகு கொழும்பில் ஒரு அமெரிக்கக் குடும்பத்துக்குச் சமையலுக்கு நின்றேன். அவர்கள் நாடு திரும்பும்போது என்னையும், என் மனைவி புஷ்பராணியையும், அப்போது ஐந்து வயதாக இருந்த மகள் தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விசாத் தாள்கள் சரியாகி, அந்த வீட்டிலிருந்து விலகி, ஒஹாயோவில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்தோம். சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வரும். நான் துவைக்கிற பக்கம். அவள் மடிக்கிற பக்கம்.

பத்து வருடம் ஆனதற்கு இந்தத் தை மாதத்தில் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு கடிகாரத்தை எங்கே மாட்டுவது என்று புஷ்பா சிரித்தாள். அந்தக் கடிகாரம் கொடுத்த கூட்டத்தில்தான் ஓய்வுக்காசு விஷயமும் வந்தது.

விஷயம் இவ்வளவுதான். நம் ஊர் சேமலாப நிதி மாதிரி, இங்கேயும் சம்பளத்தில் நாம் சொல்கிற அளவைப் பிடித்து, வயதாகும் வரை பூட்டி வைப்பார்கள். கம்பெனியும் கொஞ்சம் போடும். இதுவரை ஒரே வழிதான் இருந்தது. அதற்குப் பெயர் டிரடிஷனல். அதில் போடுகிற காசுக்கு இப்போது வரி இல்லை, வயதான பிறகு எடுக்கும்போது வரி. இனிமேல் ரோத் என்று இன்னொரு வழியும் உண்டு. அதில் வரியை இப்போதே கட்டிவிட வேண்டும், பிறகு எடுக்கும்போது ஒன்றும் கட்ட வேண்டாம். யாருக்கு எது வேண்டும் என்று ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டு, கையெழுத்து வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் ஆபிஸ் பெட்டியில் போட வேண்டும்.

ஆபிஸில் இதையெல்லாம் பார்க்கிறவள் டோனா. கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றாள். கேட்காமல் இருந்தால் இரவு தூக்கம் வராது. எழுந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "நான் செத்துப் போனால் என் காசை யார் தின்பார்கள்?" என்று கேட்டுவிட்டேன். நம் பேச்சில் அது சரியான கேள்வி. அங்கே நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். பின்வரிசையில் மடிக்கிற பெண்களோடு இருந்த புஷ்பா மட்டும் சிரிக்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

3

தேயிலையும் ரப்பரும் போட்ட எங்கள் தோட்டத்தில் சம்பளநாள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் இதைப் படிக்கலாம். அதனால் சொல்கிறேன்.

ஆபிசுக்கு முன்னால் மேசை போட்டுப் பெரிய கிளாக்கர், கணக்கெழுதுகிறவர், உட்காருவார். பெயர் கூப்பிடுவார். கூப்பிடுவது கொழுந்து எடுத்த பொம்பிளையின் பெயராக இருக்கும், கை நீட்டுவது அவள் புருஷனாக இருக்கும். புருஷன் இல்லாதவளுக்கு அப்பன், இல்லையென்றால் மகன். பொம்பிளைகள் அந்த நேரம் மலையில் நிற்பார்கள். எங்கள் அம்மா சாகும் வரைக்கும் தன் சம்பளத்தைத் தன் கையால் வாங்கியதில்லை. இது தப்பு என்று யாரும் நினைத்ததும் இல்லை, நான் உட்பட.

தொழிற்சங்கத்துக்குச் சந்தா பிடிப்பதும் அப்படியே. எந்தச் சங்கம் என்று வீட்டு ஆம்பிளை சொல்லுவான், வீடே அந்தச் சங்கம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி மட்டும் புருஷன் ஒரு சங்கம், தான் ஒரு சங்கம் என்று சந்தா கொடுத்தாள். "என்னா, அடுப்பும் ரெண்டா? பாயும் ரெண்டா?" என்று பீலிக்கரையில் வைத்தே அவளைக் கிண்டல் பண்ணினார்கள். புருஷன் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

டோனா கொடுத்த தாளில் இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் வேறு வேறு கட்டத்தில் புள்ளடி போட்டால் ஆபிஸில் என்ன நினைப்பார்கள்? வீட்டில் சண்டை என்று நினைக்க மாட்டார்களா? ஒருத்தர் கணக்கைப் பார்த்து மற்றவர் கணக்கை நிறுத்திவிட்டால்? பைத்தியக்காரத்தனம்தான். பத்து வருடத்துக்கு மேல் அமெரிக்காவில் இருந்தும் மூளை இன்னும் சம்பள மேசைக்கு முன்னால்தான் நிற்கிறது.

4

மாதத்தில் ஒரு நாள் இங்கே தமிழர்கள் கூடி பஜனை வைப்பார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார், படித்தவர்கள். பாலா அண்ணை என்று ஒரு கணக்காளர் உண்டு. பொங்கல் தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஓம், சொல்லுங்கோ தம்பி."

நான் தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"உங்கட சம்பளத்துக்கு இப்ப வரி குறைவுதானே. ரோத்தைப் போடுங்கோ. வரியைக் கட்டி முடிச்சா பேந்து தலையிடி இல்லை. எங்க போயிருந்தாலும் உங்கட காசு. ஊருக்குத் திரும்பிற யோசனையோ?"

"ஓம் அண்ணை" என்றேன். அவர்களோடு பேசும்போது எனக்கு 'ஓம்' தானாக வந்துவிடும்.

"ஊரில எவ்விடம் எண்டனீங்கள்?"

"ரத்தினபுரி டவுன்." தோட்டத்து ஆள் என்று அவர்களிடம் சொல்ல எனக்குக் கூச்சம்.

பக்கத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த புஷ்பா நின்று, "டவுன் இல்லைங்க. தோட்டம். தெரணியகலைக்கு மேல, பஸ்ஸை விட்டு எறங்கி இன்னும் நடக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள். பாலா அண்ணை, "அப்பிடியோ, நல்ல குளிர் இடமெல்லோ" என்று பேச்சை மாற்றினார். அவர் நல்ல மனுஷன். எனக்குத்தான் பொங்கல் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து தர்ஷினியிடம் தாளைக் காட்டினேன். பதினேழு வயது, பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ தமிழில் சொன்னாள்.

"அப்பா, இது கணக்கு கஷ்டம் இல்ல. நீங்க வயசாகி எங்க இருப்பீங்க? அத மொதல்ல சொல்லுங்க. இங்க இருந்தா ஒரு மாதிரி, அங்க போனா வேற மாதிரி. காசு இப்ப வேணுமா, அப்புறம் வேணுமா, அதுவும் சொல்லணும்."

"இதென்னம்மா கேள்வி? வயசானா ஊருக்குத்தான். நானும் அம்மாவும் குருவிட்டைக்குப் போயிருவோம்."

தர்ஷினி தாய் இருந்த பக்கம் பார்த்தாள். புஷ்பா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்று மறுபடியும் ஓடியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், கை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததை நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

"அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றாள் மகள்.

"அம்மாவுக்கு இதெல்லாம் என்னா தெரியும்? நான் போடுறதுதான் அம்மாவுக்கும்."

5

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆபிஸ் ஜன்னலில் இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன். மனைவிக்கு என்றேன். அவளுக்குக் கொடுத்த தாள் எங்கே என்று அவளைக் கேட்கவில்லை. கழிவறைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, என் தாளில் ரோத்துக்குப் புள்ளடி போட்டேன். பிறகு அவள் தாளிலும் அதே கட்டத்தில் போட்டேன். புஷ்பா கையெழுத்தைத் தமிழில்தான் வைப்பாள், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக. அதை எழுதுவது எனக்குச் சிரமமாக இல்லை. பத்து வருடமாக வாடகை, கரண்டு, பள்ளிக்கூடம் என்று எத்தனையோ தாளில் அவளுக்காக எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. அன்றும் நடுங்கவில்லை. சும்மாவே பயந்து சாகிறவன் நான். பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வரவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் டோனா கூப்பிட்டாள். அவள் மேசையில் இரண்டு தாள் கிடந்தன. இரண்டிலும் புஷ்பராணியின் பெயர், இரண்டிலும் தமிழ்க் கையெழுத்து. ஒன்றில் ரோத், மற்றதில் டிரடிஷனல்.

"உங்கள் மனைவியிடமிருந்து இரண்டு வந்திருக்கிறது" என்றாள் டோனா என்னைப் பார்த்து. எப்போதும் நான்தான் புஷ்பாவுக்கு மொழிபெயர்ப்பேன். "எது அவளுடையது என்று கேளுங்கள்."

இவளும் ஒன்று போட்டிருக்கிறாள். தேதியைப் பார்த்தால் எனக்கு முன்னாலேயே போட்டிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. அதற்கும் பிறகுதான் மற்றது உறைத்தது. அடுத்தவர் கையெழுத்தைப் போடுகிறவனை இந்த நாட்டில் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். நான் புஷ்பாவைப் பார்க்காமல் மேசைக் காலைப் பார்த்தேன்.

புஷ்பா இரண்டு தாளையும் கையில் எடுத்தாள். நான் எழுதியதைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் வாயை எதிர்பார்க்காமல் டோனாவிடம் நேரே இங்கிலீஷில் பேசினாள்.

"இரண்டும் என்னுடையது. அவசரத்தில் ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டேன். மன்னிக்க வேண்டும். இதுதான் சரி."

டிரடிஷனல் போட்ட தாளை டோனா பக்கம் தள்ளினாள். டோனா மற்றதை வாங்கி மேசைக்குப் பக்கத்திலிருந்த மெஷினில் விட்டாள். நான் போட்ட உருண்டை எழுத்துகள் நார் நாராகப் போயின.

"உங்கள் மனைவி நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாளே, நீங்கள் சொல்லவே இல்லையே" என்றாள் டோனா. எனக்கே அப்போதுதான் தெரியும் என்று எப்படிச் சொல்லுவது?

6

காரில் ஏறி, பனிக்கு உப்புப் போட்ட ரோட்டில் பாதி தூரம் வந்தோம். பிறகு நான்தான் கேட்டேன்.

"ஏன் புள்ள அப்படிச் சொன்ன?"

"பின்ன என்னா சொல்லச் சொல்றீங்க? வேலைய விட்டுத் தூக்கிருவாங்க, தூக்கிருவாங்கன்னு பத்து வருசமா பயந்து சாகுறீங்க. நானே தூக்கிவிடவா?"

"நான் ஒரு கெட்ட எண்ணத்துல..."

"தெரியும். என் கையெழுத்த என்னைவிட அழகாத்தான் போட்டிருந்தீங்க." சிரிக்கிற மாதிரி இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "கல்யாணம் கட்டின புதுசுல நீங்க கொழும்புல, என் சம்பளத்த உங்க அப்பாதான் வாங்குவாரு. அதுக்கு முந்தி எங்க அப்பா. அட்டை கடிச்ச காலு என்னோடது, காசு எண்ணின கை அவங்களோடது. ஒரு சீப்பு வாங்கணும்னாலும் மாமாகிட்ட நிக்கணும். இங்க வந்து மொத செக்குல என் பேரு போட்டிருந்துச்சு. அத மாத்தாம ரெண்டு நாளு வச்சிருந்தேன். ஞாபகம் இருக்கா? தொலைச்சிருவேன்னு ஏசினீங்க."

ஞாபகம் இருந்தது. ஏசியதுதான் ஞாபகம் இருந்தது. அவள் ஏன் வைத்திருந்தாள் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

"நான் லயத்துக்குத் திரும்ப மாட்டேன்" என்றாள்.

"லயத்துக்கு யாரு போகச் சொன்னா? குருவிட்டையில சொந்தக் காணி. டவுனுக்குப் பக்கம்..."

"எந்தக் காணியா இருந்தாலும் அங்க போனா நான் உங்க அப்பா மருமகதான். இங்க வயசானா வயசான பொம்பிளை, அவ்வளவுதான். தர்ஷினி கேட்டா, வயசாகி எங்க இருப்பீங்கம்மான்னு. இங்கதான்னு சொன்னேன். அப்ப வருமானம் பெருசா இருக்காது, வரியும் பெருசா வராது, இப்ப கையில கொஞ்சம் கூட வரட்டும்னு ரெண்டு பேரும் பேசித்தான் போட்டோம். அந்தக் காசுல கார் ஓட்டப் பழகப் போறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் நெனைச்சேன். நீங்கதான் ஊருக்குப் போறோம்னு எனக்கும் சேத்து பதில் சொல்லிட்டீங்களே. அப்புறம் நான் எதுக்கு?"

கடையில் பால் வாங்க வேண்டும் என்று காலையில் சொல்லியிருந்தாள். கடையைத் தாண்டி வந்துவிட்டேன். திரும்பிப் போய் வாங்கினோம்.

7

அடுத்த சனிக்கிழமை டோனாவிடமிருந்து எனக்கென்று ஒரு புதுத் தாளைக் கொண்டு வந்திருந்தேன். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமாம். சாப்பாட்டு மேசையில் வைத்து, பேனாவைத் திறந்து, அவள் போட்ட கட்டத்திலேயே நானும் போட்டுவிடுவோம் என்று குனிந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த புஷ்பா எட்டிப் பார்த்தாள்.

"எட்டாம் வகுப்புலயும் இப்படித்தான் பக்கத்துப் புள்ளையப் பாத்து எழுதினீங்களா?"

தர்ஷினி தன் அறையில் இருந்து சிரித்தது கேட்டது.

"வீட்டுக்கு ரெண்டு வேணாமேன்னு பாத்தேன்."

"கடிகாரம் ரெண்டு இருக்கே. ஓடலையா? ஒங்களுக்கு ஊருக்குப் போகணும்னா ரோத்தே இருக்கட்டும். எனக்காகப் போட்டேன்னு நாளைக்கு என் தலையில கட்டாதீங்க."

நான் பேனாவை மூடினேன். அவள் சொன்னது சரி. பயந்து அவள் பெயரில் போட்டேன், இப்போது பயந்து அவளைப் பார்த்துப் போடப் போனேன். எனக்கென்று கேட்டால் எங்கே கிழவனாக இருக்க ஆசை என்று எனக்கே தெரியவில்லை. குருவிட்டைக் காணியை நினைக்கும்போதெல்லாம் அங்கே முற்றத்தில் புஷ்பா நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் நிற்காத முற்றத்தை இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் தாள் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு ஞானத்துக்குப் போன் எடுத்தேன். பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம், யாரோ சிங்களத்தில் கூலி பேசும் சத்தம். அவன் மூச்சு விடாமல் ஆரம்பித்தான்.

"அண்ணே, காணிக்காரன் இனி பொறுக்க மாட்டேங்கிறான். மதினியும் நீங்களும் எப்பண்ணே வர்றீங்க?"

வந்துருவோம்டா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் போனைப் புஷ்பாவிடம் நீட்டினேன்.

"மதினி வர்றத மதினிகிட்டயே கேளுடா."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன். கதவைச் சாத்தவில்லை.

"சொல்லுங்க தம்பி... ஆமா... உங்க அண்ணன் எப்ப வருவாரோ, அத அவருகிட்டத்தான் கேக்கணும். நான் வருவேன் தம்பி. எல்லாரையும் பாத்துட்டு, திரும்பி இங்கயே வந்துருவேன்."

அந்தப் பக்கம் என் தம்பி என்ன சொன்னான் என்று தெரியாது. பிறகு புஷ்பாதான், அவனுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள், மெதுவாகக் கேட்டாள்.

"அங்க என்னா தம்பி, மழையா?"